ஒரு செபமாலை நேரம்

என் உயிரான பிலோமினா அக்கா,

வருகிற ஞாயிறோடு நீ கண்ணை மூடி ஒரு வருடம். எனக்கு அது போன கிழமை மாதிரி இருக்கிறது. என் பேத்தி டிலானிக்கு அது பழைய கதை. அதற்குள் அவள் இரண்டு சோதனை எழுதி, ஒரு தரம் காய்ச்சலில் படுத்து எழும்பி, தலைமயிரையும் கட்டையாக வெட்டிவிட்டாள். ஒரே முற்றத்தில் இருக்கிற இரண்டு பேருக்கு ஒரே வருடம் எப்படி இரண்டு நீளத்தில் போகிறது? உன்னிடம் கேட்டால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டு திரிகிறேன்.

உன் மகள் ரீற்றா ஆண்டு நினைவுக்கு ஒரு சின்னப் புத்தகம் அச்சடிக்கிறாள். சொந்தக்காரர் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதுகிறார்கள். அன்றைக்கு அவள் என் வாசற்படிவரை வந்தாள். "சின்னம்மா, நீங்களும் ஒரு பக்கம் எழுதித் தாங்க. உண்மைய எழுதுறதெண்டா மட்டும் எழுதுங்க" என்று சொல்லிவிட்டு முகம் கிறுகித் திரும்பிப் போய்விட்டாள். உள்ளே வரவில்லை. ஒரே வளவில் பக்கத்து வீட்டில் இருந்துகொண்டு அவள் என் வீட்டுக்குள் கால் வைத்து இருபத்தெட்டு வருடம்.

அவள் மேல் பிழை இல்லை. அம்மாவின் முப்பத்தோராம் நாளன்று, சனம் நிறைந்திருந்த முற்றத்தில், அவளுடைய தாயைப் பார்த்துப் 'பொய்காரி' என்று சொன்னவள் நான்.

இந்தக் கடிதம் அந்தச் சொல்லைத் திரும்ப எடுப்பதற்கு. ஊருக்கு முன்னால் சொன்னதை உன் கல்லறையில் வந்து குசுகுசுத்து எடுக்க ஏலாது. ஊர் வாசிக்கிற புத்தகத்தில்தான் எடுக்க வேணும். ஒரு பக்கம் எனக்குக் காணாது என்று ரீற்றாவிடம் சொல்லிவிட்டேன். நாலாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது, டிலானி பிழை பார்த்துத் தருகிறாள்.

முதலில் ஊர்ப் புதினம். உன் வீட்டு முருங்கை மாரிக் காற்றில் முறிந்து, அதே அடியிலிருந்து தளிர்த்து, இப்போது காயும் காய்க்கிறது. கோயில் மணியைக் கயிற்றில் இழுக்கிறது நின்றுவிட்டது. சுவிச்சைத் தட்டினால் அடிக்கிறது. மின்சாரம் போகிற நாளில் கோயில் பக்கம் மத்தியானம் என்று ஒன்று வருவதில்லை. எங்களுக்கு அண்ணன் முறையில் பழகிய ஆதம்பாவா காக்காவின் தேத்தண்ணிக் கடைக்கு மகன் கண்ணாடிக் கதவு போட்டிருக்கிறான். காக்கா இப்போது கடைக்கு வருவதில்லை, முழங்கால் விடுவதில்லையாம். மகனும் எங்கள் பிட்டைத்தான் எடுக்கிறான். அதை அவிப்பது இப்போது நான்.

அக்கா, உன் கையிலிருந்த வேலை என் கைக்கு வந்த பிறகுதான் நீ என்ன மாதிரியான ஆள் என்று எனக்கு விளங்குகிறது. அத்தான் கடலுக்குப் போய்த் திரும்பாத வருடம் உனக்கு முப்பத்தாறு வயது. ரீற்றா மூக்கு வடிந்துகொண்டு உன் சீலையைப் பிடித்து நிற்பாள். அடுத்த மாதமே, ஆவியில் அவிக்கிற நீத்துப்பெட்டியைக் கையில் எடுத்தாய். விடியப் பிட்டு அவித்து, துணியில் சுற்றி, தலையில் வைத்துக் கல்முனைக் கடைத்தெருவுக்கு நடந்தாய். அழுததை ஒருவரும் காணவில்லை. அழுதிருப்பாய். எந்த நேரத்தில் அழுதாய் என்றுதான் எனக்குத் தெரியாது, உன்னைச் சுற்றி எப்போதும் சனம் நின்றது.

உன் வீட்டில் மணிக்கூடு இருக்கவில்லை. வசதி வந்த பிறகும் நீ வாங்கவில்லை. பிட்டு அவிய, செபமாலையில் வருகிற அருள் நிறைந்த மந்திரம் இருபது. முட்டைக்குப் பதினைந்து. சோறு வடித்துத் தம்மில் வைக்க விசுவாச மந்திரம் இரண்டு தரம். அம்மாவும் அப்படித்தான் சமைத்தாள், அம்மாவின் அம்மாவும் அப்படித்தான். அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் அரைவாசி அடுப்பு செபத்தில்தான் எரிந்தது. தூரம் கேட்டாலும் அதே பதில்தான். கோயில் எவ்வளவு தூரம்? பத்து மந்திரம். பஸ் நிலையம்? அரைச் செபமாலை.

நீ அவசரப்பட்டு நான் ஒரு நாளும் காணவில்லை. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொன்னால், ஒவ்வொரு துணியாக விரித்துக் காட்டுவாய். பின்னால் நிற்கிற சனம் கத்தும்.

"அம்மாளே, சுறுக்கா நடங்க, வெயில் கொளுத்துது!"

"அவசரமெண்டா முன்னுக்குப் போங்க மனே. நான் இவருக்குப் பிட்டுக் காட்டிப்போட்டு வாறன்."

துவக்கோடு நின்ற அந்த ஆமிப் பையனுக்குத் தமிழ் விளங்கியிருக்காது. ஆனாலும் சிரித்துவிட்டான். நீ ஒரு துண்டை உடைத்து அவன் கையில் வைத்தாய். எல்லாரும் பயந்த இடத்தில் நீ மட்டும் முற்றத்தில் நிற்கிற மாதிரி நின்றாய்.

நான் உனக்கு எதிர். உன்னைவிட எட்டு வயது இளையவள், எட்டு மடங்கு அவசரக்காரி. என் மந்திரம் பஸ் மாதிரி ஓடும். அதனால் என் பிட்டு எப்போதும் நடுவில் மாவாக இருக்கும். நீ உடைத்துப் பார்த்துவிட்டு, "மாதாவுக்கு மூச்சு விடக் கொஞ்சம் இடம் குடுகா" என்பாய். எனக்குப் பத்திக்கொண்டு வரும். எனக்கு மறதி இல்லை என்று உனக்குத் தெரியும். கோயிலில் நான் முதல் நன்மை வாங்கின நாளுக்கு உன் பழைய சட்டையைச் சுருக்கித் தந்தது, அதில் கழுத்துப் பக்கம் மஞ்சள் கறை இருந்தது, அதை நீ பூ வைத்து மறைத்தது, ஆனாலும் அடுத்த தெரு மரியநேசன் வீட்டு ஆட்கள் பார்த்துச் சிரித்தது, எல்லாம் அப்படியே இருக்கிறது. அந்தக் கோபத்தை நான் இந்தக் கடிதத்தில் விடுவதாக இல்லை. இது வேறு விஷயம்.

சின்ன வயதில் எனக்கு நேரம் நகராத ஒரு சாமான். பெரிய வெள்ளிக்கிழமை பின்னேரம் கோயிலில் முழங்காலில் இருக்கிறபோது, நித்தியம் நித்தியம் என்று சுவாமியார் சொல்லுவது இதைத்தான் என்று நினைப்பேன். வேர்வை, பசி, முன்னுக்கு இருக்கிறவளின் கொண்டை, முடியாத பாட்டு. மோட்சமும் இப்படித்தான் இருக்குமென்றால் எனக்கு வேண்டாம் என்று உன் காதுக்குள் சொன்னேன். நீ கிள்ளினாய். இப்போது பார், பாலன் குடிலைப் பிரித்துப் பெட்டியில் வைக்க முன்னம் நெற்றியில் சாம்பல் பூசுகிற நாள் வந்து நிற்கிறது. போன வருடத்துக் குருத்தோலை சிலுவைக்குப் பின்னால் பச்சை மாறவில்லை, அதற்குள் புதியது கையில் தருகிறார்கள். ஆர் இந்தச் சக்கரத்தை இப்படிச் சுழற்றுகிறது?

ஆனால் இருபத்தெட்டு வருடத்துக்கு முந்திய அந்த ஒரு பின்னேரம் மட்டும் ஓடுவதில்லை. நான் அதில் இருக்கவில்லை. அதனால்தான் ஓடவில்லையோ தெரியாது.

வாசிக்கிறவர்களுக்காக அதைச் சொல்லவேணும் அக்கா. அது வயலுக்குத் தண்ணீர் கட்டுகிற காலம். நான் வீட்டுக்காரரோடு தூரத்துச் சாகாமம் ஊரில் வயல்வாடியில் இருந்தேன். அம்மா உன் வீட்டில் படுக்கையில் இருந்தாள். பள்ளிவாசலில் பின்னேர வாங்கு சொல்லுகிற நேரத்தில் அம்மாவின் மூச்சு மாறியது. மூச்சு மாறினால் எங்கள் தெருவில் முதலில் கட்டிலைச் சுற்றி இருந்து செபமாலை. அது முடிந்த பிறகுதான் ஆட்களுக்குச் சொல்லி அனுப்புவது. நாலே கால் பஸ்சில் கொண்டக்டரிடம் சொல்லிவிட்டால் சாகாமச் சந்திக் கடைக்குச் செய்தி வரும். அதற்குப் பிறகு அந்த நாட்களில் பஸ் இல்லை. பெண் பிள்ளை ரீற்றாவைத் தனியாக றோட்டில் விடக்கூடிய காலமும் இல்லை. நீதான் போகவேணும்.

நீ ஒரு செபமாலை சொன்னாய். முடித்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாய். பஸ் போய்விட்டது.

அம்மா அன்றைக்குப் பொழுது பட்டுக் கொஞ்ச நேரத்தில் போனாள். எனக்குச் செய்தி அடுத்த நாள் முதல் பஸ்சில் வந்தது. மோட்டார் சைக்கிளில் நான் வந்து இறங்கும்போது காலை ஒன்பது மணி. அம்மாவைக் குளிப்பாட்டி, தலை வாரி, பெட்டியில் வைத்திருந்தாய். நான் தொட்டபோது கை குளிர்ந்திருந்தது.

முப்பத்தொரு நாள் நான் ஒன்றும் கேட்கவில்லை. மனதுக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தேன். வாங்கிலிருந்து பஸ் வெளிக்கிடும்வரை ஐம்பது நிமிடம். நடை பத்து நிமிடம். செபமாலைக்கு ஒரு கால் மணித்தியாலம். மற்ற நேரம் என்ன செய்தாள்? என் மனம் கண்டுபிடித்த பதில் இதுதான்: மூத்தவள் அம்மாவின் கடைசி மூச்சைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள், வேண்டுமென்றே பிந்தினாள்.

அன்று சாப்பாடு முடிந்து சனம் பாயில் இருந்தது. நான் எழும்பிக் கேட்டேன். நீ, "ஒரு செபமாலைதான் சொன்னனான் தங்கச்சி. முடிஞ்ச உடனே ஓடினனான்" என்றாய். எனக்கு அது காணவில்லை. ஆதம்பாவா காக்காவைப் பார்த்தேன், அவர் கையில் மணிக்கூடு இருந்தது.

"காக்கா, மணிக்கூட்டப் பாருங்க. நான் இப்ப ஒரு செபமாலை சொல்லப் போறன்."

"வேணாம் தங்கச்சி. வணக்கத்தோட போட்டி போடாதீங்க."

"பாருங்க எண்டா பாருங்க!"

அக்கா, அந்தச் செபமாலையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காது சுடுகிறது. மூச்சு விடாமல் ஓடினேன். நீ பேசாமல் இருந்திருக்கலாம், எழும்பி உள்ளே போயிருக்கலாம். நீ அந்த இடத்திலேயே முழங்காலில் இருந்து, ஒவ்வொரு மந்திரத்துக்கும் மற்றப் பாதியைச் சொல்லத் தொடங்கினாய். உன்னைக் கள்ளி என்று காட்டுவதற்கு நான் சொன்ன செபத்துக்கு நீ மறுமொழி சொன்னாய். நான் உனக்காக நிற்கவில்லை. உன் பாதி முடிய முன்னம் என் அடுத்தது ஓடியது. கடைசியில் நீ இருபதாவது மந்திரத்தில் நின்றாய், நான் முடித்துவிட்டேன்.

"எவ்வளவு காக்கா?"

காக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "பதினாலு நிமிசம்."

"கேட்டீங்களா எல்லாரும்? பதினாலு! மற்ற நேரம் என்ன செய்தவள் இவள்? பொய்காரி!"

வாசல் நிலையில் பத்தொன்பது வயது ரீற்றா நின்றாள். நீ மட்டும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தாய். முழுவதையும் முடித்துவிட்டுத்தான் எழும்பினாய். அந்தச் செபமாலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று ஒருவரும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. நான் அப்போது கோபத்தில் என் வீட்டுக் கதவைச் சாத்திவிட்டேன்.

அதற்குப் பிறகு நாங்கள் கதைக்காமல் இருக்கவில்லை. ஒரே வளவில் எப்படி இருக்க ஏலும்? உப்பு, தேங்காய், காய்ச்சல், கல்யாணம், சுனாமியில் கடல் வந்த நாள், எல்லாவற்றுக்கும் கதைத்தோம். ஆனால் உன் வீட்டில் நான் ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. பூசையில் சமாதானம் சொல்லச் சொன்னால் மற்றப் பக்கம் திரும்பி நிற்பேன். நீ எனக்குப் பின்வரிசையில் இருந்து கை கூப்புவாய் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு வருடத்து ஞாயிறுகளும் என் முதுகுக்குச் சமாதானம் சொன்னாய். ஒரு ஞாயிறாவது உனக்கு அலுக்கவில்லையா?

டொக்டர் மூன்று மாதம் என்று சொன்ன அன்று நானும் ஆஸ்பத்திரியில் நின்றேன். ரீற்றா சுவரைப் பிடித்துக்கொண்டாள். நீ நாற்பது நாற்பது நாளாக விரலை மடித்துப் பார்த்தாய். "மூண்டு மாசமா? அப்ப ரெண்டு தவக்காலம் கிடக்கு டொக்டர். பிழையில்ல" என்றாய். அந்த டொக்டர் பிள்ளை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது. சாவுக்கு நாள் குறித்த பிறகும் இவ்வளவு நேரம் கிடக்கிறதே என்று சந்தோசப்பட்ட ஆளை நான் வேறு எங்கும் காணவில்லை. உனக்கு நேரம் ஒரு நாளும் போதாமல் போகவில்லை. எனக்குத்தான் வாழ்நாள் முழுக்கப் போதவில்லை.

உன் கடைசி நாளில் நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல அப்போது என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, உன்னை நான் அப்போதும் நம்பவில்லை.

நீ போய் இரண்டு மாதத்தில், ஒரு காலை.

"அம்மம்மா! பானை அடிப்பிடிச்சு மணக்குது!"

"இன்னும் இருபது முடியல்ல மகள்."

"தண்ணி வத்திப் போச்சு அம்மம்மா, பிட்டு கல்லுப் போல கிடக்கு. இது இந்தக் கிழமை மூணாந்தரம்."

அடுப்பில் பிழை, பானையில் பிழை, மாவில் பிழை, எல்லாவற்றிலும் குற்றம் பிடித்தேன். டிலானிக்கு அலுத்துவிட்டது. "இருங்க, உங்கட இருபத நான் போன்ல பாக்கிறன்" என்று பக்கத்தில் குந்தினாள். நான் சொன்னேன். நான் எப்போதும் சொல்லுகிற மாதிரித்தான் சொன்னேன், என் மனதுக்கு அது அதே வேகம்தான். முடிந்ததும் அவள் என் முகத்தைப் பார்த்தாள்.

"பதினாலு நிமிசம் அம்மம்மா."

அன்றைக்கு ஒரு முழுச் செபமாலையை நான் ஓடி முடித்த அதே நேரம். இப்போது இருபது மந்திரத்துக்கே அது போகிறது. "முழுசும் சொல்லுறன், பார்" என்றேன். பிள்ளை பாடசாலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று இருந்தாள். நாற்பத்திரண்டு நிமிடம்.

நாற்பத்திரண்டும் நடை பத்தும். பஸ் போய் இரண்டு நிமிடம்.

அன்று முழுவதும் நான் அடுப்படியில்தான் இருந்தேன். நாக்குத் தளர்ந்ததால்தான் நேரம் கூடியது என்று முதலில் நினைத்தேன். பிறகு மெதுவாக ஒரு மந்திரத்தைச் சொல்லிப் பார்த்து, எங்கே நிற்கிறேன் என்று கவனித்தேன். 'எங்கள் மரண நேரத்திலும்' என்று சொல்லுகிற அந்த இடம் இருக்கிறதே, அங்கேதான் நிற்கிறேன். நாற்பத்தைந்து வயதில் அந்தச் சொல்லில் என் நாக்கு வழுக்கிக்கொண்டு போனது. எழுபத்து மூன்றில் அது ஒவ்வொரு தரமும் ஓர் ஆளின் முகத்தோடு வருகிறது. அம்மா வருகிறாள், அத்தான், என் வீட்டுக்காரர், கடல் கொண்டுபோன பிள்ளைகள், இப்போது நீயும். அவர்கள் கடந்து போகும்வரை நான் காத்து நிற்கிறேன், நிற்கிறேன் என்று தெரியாமலே.

அன்று நீ மூச்சு மாறிய தாயின் கைப்பக்கத்தில் இருந்து அதே இடத்தை ஐம்பத்து மூன்று தரம் கடந்திருக்கிறாய். உனக்கு அது ஒரு செபமாலை. இளம் வயதிலிருந்து, ஒரு செபமாலை சொல்லிவிட்டு நடந்தால் எந்த பஸ்சும் தவறியதில்லை. உன் அளவுகோல் நீண்டுபோனது உனக்கே தெரிந்திருக்காது. இப்போது பிட்டு கருகும்வரை எனக்குத் தெரிந்ததா?

நீ பொய் சொல்லவில்லை அக்கா. நீ ஒரு செபமாலைதான் சொன்னாய். இதை நான் என் கையால் எழுதுகிறேன், என் பெயரையும் அடியில் வைக்கிறேன்.

அன்று முற்றத்தில் இருந்தவர்களில் கொஞ்சப் பேரைக் கடல் கொண்டுபோனது, கொஞ்சப் பேரை வயது கொண்டுபோனது. கல்முனையில் மிச்சம் இருக்கிறது ஆதம்பாவா காக்காவும் ரீற்றாவும்தான். ரீற்றா பக்கம் கேட்டுப் போன பிறகுதான் அவர்களிடம் சொல்ல எனக்குத் துணிவு வந்தது. முதலில் காக்கா வீட்டுக்கு ஆட்டோவில் போனேன். கதிரையில் சாய்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கையில் கட்டியிருந்த அதே மணிக்கூட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் இப்ப அப்படித்தான் தங்கச்சி. மகன் பக்கத்துல நிண்டு நாலு ரக்அத்தும் தொழுதுட்டு, எழும்பிக் கடைக்குப் போய்ச் சேர்ந்துடுவான். நான் இன்னும் ரெண்டாவதுல நிப்பன். 'வாப்பா தூங்கிட்டாங்களா'ன்னு மருமகள் எட்டிப் பாக்குது." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "மணிக்கூட்டப் பாத்துச் சொன்னது நான்தானே. அண்டைக்கு அத மடியில கழட்டி வெச்சிருக்கணும். உங்கட அக்காட முகத்த நான் பாத்தன், அது பொய் சொன்ன முகமில்ல. இந்த மணிக்கூட்டால அதச் சொல்ல ஏலாமப் போயிட்டு."

"என்ட குற்றம்தான் காக்கா."

"ஓம், உங்கடதுதான். கொஞ்சம் எனக்கும் தாங்க. மையத்தாகி மண்ணுக்குள்ள போற வயசுல வெறுங்கையோட போக ஏலாது."

பிறகு ரீற்றா. முருங்கையைத் தாண்டி அவள் வீட்டு வாசலுக்குப் போக எனக்கு ஒரு கிழமை எடுத்தது. அவள் சமையலறையில் மீன் வெட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்: "உன்ட அம்மா பொய் சொல்லல்ல மகள். நான்தான் பிழை. புத்தகத்தில எழுதப் போறன்." போனில் பார்த்த நேரத்தையும் சொன்னேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையைக் கழுவினாள். கழுவிக்கொண்டே இருந்தாள்.

"சின்னம்மா, அம்மா ஒரு பொய் சொன்னாதான்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"அண்டைக்கு பஸ்ஸ விட்டுட்டு அம்மா அழுதழுது வந்தா. பொழுது படப் போற நேரம், அம்மம்மாக்குக் கண் தெரியல்ல. 'சின்னவள் வந்திட்டாளா, சின்னவள் வந்திட்டாளா' எண்டு ஒரே கேள்வி. அம்மா கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு நிண்டா. மறுகா என்ட பக்கம் கிறுகி, 'உன்ட கைக் காப்பக் கழட்டித் தா' எண்டா. அப்பா போன பிறகு அம்மா கையில காப்புப் போட்டதில்லத்தானே. உங்கட கையிலதான் எப்பயும் கண்ணாடிக் காப்பு கிடக்கும். என்ட காப்ப ரெண்டு கையிலயும் போட்டுக்கொண்டு போய், அம்மம்மாட கைக்குள்ள தன்ட கையக் குடுத்தா. அம்மம்மா காப்பத் தடவிப் பாத்திட்டு, 'வந்திட்டியாகா? வயலுக்குத் தண்ணி கட்டிட்டியா?' எண்டா. அம்மா உங்கட குரல் மாதிரிச் சுறுக்கா, 'ஓம் அம்மா, தண்ணி கட்டிட்டுத்தான் வந்தன்' எண்டா. அதுக்குப் பிறகு அம்மம்மா கேக்கல்ல. அந்தக் கையப் பிடிச்சபடியே போயிட்டா."

நான் நிலத்தில் இருந்துவிட்டேன்.

"ஏன் மகள் இத எனக்குச் சொல்லல்ல? இருபத்தெட்டு வருசம்!"

"நான் சொல்லத்தான் வெளிக்கிட்டன், அண்டைக்கு முற்றத்தில. அம்மா கண்ணால மறிச்சா. 'என்ட பக்கம் நியாயம் எண்டு காட்டுறதுக்கு அம்மாட கடைசி நேரத்தத் தூக்கிக்கொண்டு போய்ச் சந்தியில வைக்கிறதா? அவள் தானா நம்பினா நம்பட்டும், அப்ப சொல்லு' எண்டா."

ரீற்றா எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். குடித்தேன். அவள் என் பக்கத்தில் நிலத்தில் இருந்தாள். மீனைப் பூனை இழுத்ததை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அக்கா, அம்மாவின் கடைசி மூச்சை நீ உனக்கென்று வைத்துக்கொண்டாய் என்று சொன்னேனே. நீ அதையும் எனக்குத் தந்திருக்கிறாய். மூத்த மகளாக அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்க உனக்கிருந்த நேரத்தை, என் குரலில், காப்புப் போட்ட என் கையாக இருந்து கழித்திருக்கிறாய். அந்தக் கடைசி நேரத்திலும் உனக்கென்று ஒன்றுமில்லை.

உலகத்து மணிக்கூட்டில் நான் அடுத்த நாள் காலை ஒன்பது மணிக்கு வந்தவள். அம்மாவின் மணிக்கூட்டில் நான் பொழுது படமுன் வந்துவிட்டேன். இதில் ஆண்டவர் எதைப் பார்ப்பார்? புதுச் சுவாமியாரிடம் கேட்டேன். அவர் சின்னப் பையன், ஆண்டவருக்கு நேற்றும் நாளையும் ஒன்றாகத் தெரியும் என்று அரை மணித்தியாலம் விளக்கினார். எனக்கு விளங்கவில்லை. நீ காப்பைக் கழற்றி ரீற்றாவிடம் திருப்பிக் கொடுத்ததுதான் எனக்கு விளங்குகிறது.

ஞாயிறு பூசையில் சமாதானம் சொல்லும்போது நான் பின்வரிசைக்குத் திரும்புவேன். அங்கே ரீற்றா இருப்பாள். அது முடிந்து முற்றத்தில் சாப்பாடு. சாப்பிட முன்னம் எழும்பி, இந்தக் கடிதத்தை நானே சத்தமாக வாசிப்பேன். மெதுவாகத்தான் வாசிப்பேன், ஆருக்கும் அவசரமென்றால் முன்னுக்குச் சாப்பிடட்டும்.

இன்னும் ஒரு வாக்கு. அது உனக்கு மட்டும், என்றாலும் ஊர் கேட்டால் கேட்கட்டும். எனக்கு இனி எத்தனை தவக்காலம் என்று தெரியாது. வருடங்கள் ஓடுகிற ஓட்டத்தில் அதிகம் இருக்காது. நான் அங்கே வரும்போது அம்மா உன் பக்கத்தில் இருப்பாள். என்னைக் கண்டதும், "நீ அண்டைக்கே வந்தவள்தானே, தண்ணி கட்டிட்டு" என்பாள். உண்மையை முகத்துக்கு நேரே சொல்லாமல் விட்ட பழக்கம் எனக்கு இல்லை, அது உனக்கும் தெரியும். மோட்சத்தில் பொய் சொல்லலாமா என்று நான் சுவாமியாரிடம் கேட்கவுமில்லை, கேட்டால் கூடாது என்பார்.

நான் உன் முகத்தைப் பார்ப்பேன். பிறகு அம்மாவிடம், "ஓம் அம்மா, அண்டைக்கே வந்தன்" என்று சொல்லுவேன்.

உன்னோடு ஒரே வயிற்றில் பிறந்த,
உன் தங்கச்சி
திரேசம்மா